முதல் லூசிட் ட்ரீம் வரவே மாட்டேங்குதா? எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "அட, இது கனவு" என்று உறைப்பதுதான் லூசிட் ட்ரீம். பறப்பது, நினைத்த ஆளை எதிரே வரவழைப்பது எல்லாம் அதற்கு அப்புறம். உறைத்துவிட்டாலே கணக்கில் சேர்ந்துவிடும். 2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதற்கு முந்தைய 50 ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, சுமார் 55 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கண்டிருக்கிறார்கள் என்றது. ஆக, இது சித்தர்கள் சமாச்சாரம் இல்லை.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் இதை முயற்சி பண்ணும் பசங்களும் பொண்ணுங்களும் நிறையவே இருக்கிறார்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டெக்னிக்ணா பெஸ்ட்டு?" என் கணக்கில் அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. போதுமான தூக்கம் வேண்டும். அந்தத் தூக்கத்தில் கனவுக்கட்டம் முழுசாக ஓட வேண்டும். கண்ட கனவு ஞாபகத்தில் தங்க வேண்டும். கனவுக்குள் சந்தேகம் வர வேண்டும். சந்தேகம் வந்தபின் முழித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறு முதல் மூன்றில் இருக்கிறது. ஆனால் மல்லுக்கட்டுவது நான்காவதோடு.

அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அந்த இடத்துக்குப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"எனக்குக் கனவே வராதுண்ணா"

வரும். தினமும் வருகிறது. காலையில் கையில் மிஞ்சுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் தூங்கும் மணிநேரத்தை எண்ணுங்கள். கனவு அதிகம் வரும் கட்டத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர். ராத்திரி 11 மணிக்குப் படுத்தால் அது முதன்முதலில் எட்டிப்பார்க்கவே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். வந்தாலும் சில நிமிஷம்தான். அதற்கப்புறம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று திரும்பத் திரும்ப வரும். சுற்றுக்குச் சுற்று நீண்டுகொண்டே போய், விடியற்காலையில் வருவது அரைமணி நேரத்தைக்கூடத் தாண்டும். இப்போது உங்கள் ராத்திரியைப் பாருங்கள். ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ், ஆறு மணிக்கு எழுந்து வேலைக்கு ஓட்டம். கடைசிச் சுற்று போச்சு. சில நாள் அதற்கு முந்தினதும் போச்சு. வஞ்சிரத்தில் நடுத்துண்டைப் பூனைக்குப் போட்டுவிட்டு வாலை வறுத்துத் தின்கிற கதை இது. ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிக்கொண்டு டெக்னிக் தேடுவதில் பிரயோஜனமே இல்லை.

அடுத்தது, உள்ளே போவது என்ன என்று பாருங்கள். சரக்கு அடித்துவிட்டுப் படுத்தால் ராத்திரியின் முதல் பாதியில் ரெம் அடங்கிவிடும். பின்பாதியில் அது மொத்தமாகக் கிளம்பும். தூக்கமும் துண்டு துண்டாகிவிடும். அப்போது வரும் கனவுகள் கன்னாபின்னா என்று இருக்கும், அதில் நிதானம் கிடைக்காது. கஞ்சாவும் ரெம் தூக்கத்தைக் குறைக்கும். ராத்திரி பத்து மணிக்கு முக்குக் கடையில் ஒரு டீ போடுகிறீர்களா? அதில் இருக்கிற கஃபீனில் பாதி, மூன்று மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மன அழுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் சில மாத்திரைகளும் ரெம் தூக்கத்தைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் அது பெரிய தப்பு. டாக்டரிடம் கேளுங்கள், கனவு எங்கேயும் ஓடிப்போகாது.

நம்ம பக்கத்துக்கே உரிய இன்னொரு வில்லன், வெக்கை. ரெம் கட்டத்தில் உடம்பு தன் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். வியர்த்து ஆற்றிக்கொள்ளும் ஏற்பாடே சரியாக ஓடாது. அதனால் ஷீட் போட்ட மாடி ரூமில், கத்திரி வெயில் மாசத்தில், கரண்ட் வேறு போய்விட்டால் முதலில் அடிவாங்குவது கனவுதான். மே மாதம் ஆரம்பித்து "எனக்குச் சரிப்படல" என்று விட்டவர்கள், கார்த்திகை மார்கழியில் இன்னொரு தடவை பாருங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தத் திணறல் ரெம் கட்டத்தில்தான் பெரும்பாலும் மோசமாகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஞாபகம் இல்லையென்றால், எழுகிற விதத்தில் கோளாறு. முழிப்பு வந்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள். போனைத் தொட்டால் கதை முடிந்தது. "இப்ப எங்க இருந்தேன்? கூட யார் இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிடங்கள். ஒரு துணுக்கு கிடைத்தால் அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் மெதுவாக மறுபக்கம் புரண்டு படுத்துப் பாருங்கள். சில சமயம் அந்தப் பக்கம் படுத்திருந்தபோது கண்ட கனவு வந்து ஒட்டும்.

கிடைத்ததை எழுதணும். இங்கேதான் நம் வீட்டுப் பிரச்சினை. ஒரே ஹால், ஐந்து பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள், லைட் போட்டால் அடி விழும். வாய்ஸ் நோட்டில் குசுகுசுவென்று பதிவு பண்ணலாம் என்று பார்த்தால், "யாருகிட்டடா இந்நேரத்துல பேசினுகீற?" என்று அம்மா எழுந்து உட்காருவார். எனக்குத் தெரிந்த நல்ல வழி, தலையணைக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம், மல்லாந்து எழுதினால் மை இறங்காது. இருட்டில் இடது கட்டைவிரலைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அதை ஒட்டி ஒரு வரி, விரலை இறக்கி அடுத்த வரி. முழு வாக்கியம் எதற்கு? "ஆயா, வஞ்சிரம் கழுவுது, ஸ்கூல் மணி, ஒரு செருப்பு காணோம்" — இவ்வளவு போதும். காலையில் டீ குடிக்கும்போது மிச்சத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஒரு கனவாவது நோட்டில் ஏறுகிற வரைக்கும் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். ஞாபகத்தில் தங்காத லூசிட் ட்ரீமைக் கண்டும் என்ன பயன்?

"கனவு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா உள்ள இருக்கும்போது உறைக்கவே மாட்டேங்குது"

இந்தப் புகாரோடு கூடவே வருவது, "ஒரு நாளைக்கு அத்தனை தடவை விரல எண்றேன், கனவுல ஒருவாட்டி கூட எண்ணலியே". பகலில் அடிக்கடி விரலை எண்ணி "இது கனவா?" என்று சோதித்தால், அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வரும், அங்கே எண்ணிக்கை தப்பும் என்பது கணக்கு. எப்படி எண்ணுகிறீர்கள் என்று காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். கையைத் தூக்கி, ஒரு பார்வை, "அஞ்சு", கையைக் கீழே போட்டாச்சு. விடை முன்னாலேயே தெரிந்த கேள்வி அது. அதே பழக்கம் கனவுக்குள் போனாலும் ஏழு விரலைப் பார்த்து "அஞ்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள்.

சோதனைக்கு உயிர் கொடுப்பது சந்தேகம். பத்து விநாடி நிஜமாகவே சந்தேகப்படணும். இப்போது நிற்கிற இடத்துக்கு எப்படி வந்தேன்? பத்து நிமிஷத்துக்கு முன்னால் எங்கே இருந்தேன்? கனவில் இதற்குப் பதில் இருக்காது, நடுவில்தான் தொடங்கியிருக்கும். அதோடு ஒரு கைச்சோதனை. விரலைவிட எனக்கு மூக்குதான் நம்பகம்: இரண்டு துவாரத்தையும் இறுக்கிப் பிடித்து, வாயை மூடி, மூச்சை இழுத்துப் பாருங்கள். கனவாக இருந்தால் பெரும்பாலும் மூச்சு சாதாரணமாகப் போகும். எழுத்தும் நல்ல சோதனை. டோல்கேட்டில் நிற்கிறீர்கள், வருகிற பஸ்ஸில் 56 என்று போர்டு. முகத்தைத் திருப்பி, மறுபடி படியுங்கள். கனவில் அது 65 ஆகியிருக்கலாம், மளிகை லிஸ்ட் ஆகியிருக்கலாம், தெலுங்காகக்கூட மாறியிருக்கலாம். எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு கிடையாது. அதனால் இரண்டைச் சேர்த்துப் பண்ணுங்கள்.

எப்போது பண்ணுவது? மணிக்கொரு தடவை அலாரம் வைத்துப் பண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கனவில் அந்த அலாரம் அடிக்காது. உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். திரும்பத் திரும்ப வருகிற விஷயம் எது? கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு எப்போதும் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. இன்னொருவருக்குப் பழைய வீடு, அதில் இல்லாத ஒரு கூடுதல் ரூம். பலருக்கு இறந்துபோன ஆயாவோ தாத்தாவோ சர்வ சாதாரணமாக உட்கார்ந்திருப்பார்கள். இவைதான் உங்கள் அடையாளங்கள். பகலில் இவற்றோடு ஒட்டிய எதைப் பார்த்தாலும் சோதனை: பள்ளிக்கூட யூனிபார்ம், பழைய தெரு, ஆயாவின் போட்டோ. ஒரு தோழிக்கு அடையாளம், ரயில் பேசின் பிரிட்ஜில் நின்றுவிட்டு நகரவே நகராது. அது கொஞ்சம் கஷ்டமான கேஸ். அங்கே நிஜத்திலும் அப்படித்தான் நிற்கும்.

இது பாதி. மீதிப் பாதிக்கு மைல்டு (MILD) என்று பெயர், ஞாபகத்தை வைத்து லூசிட் ட்ரீமை வரவழைக்கும் முறை. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ஸ்டீபன் லாபெர்ஜ் தனக்குத்தானே சோதித்து உருவாக்கியது. "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்று வீட்டில் சொல்லி அனுப்பினால், கடையைத் தாண்டும்போது சட்டென்று ஞாபகம் வருகிறதே, அந்த ஞாபகசக்தியைத்தான் இதில் பயன்படுத்துகிறோம். கனவிலிருந்து முழித்ததும் அந்தக் கனவை மனசில் ஓட்டுங்கள். அதில் விநோதமான இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் நின்று "அட, இது கனவு" என்று நீங்களே சொல்வதுபோல் காட்சியாகப் பாருங்கள். ஆயா வஞ்சிரம் கழுவுகிறார். நீங்கள் பக்கத்தில் குந்தி, "ஆயா, நீ போய் நாளாச்சே, அப்ப இது கனவு" என்கிறீர்கள். கூடவே, "அடுத்த வாட்டி கனவு வரும்போது, கனவுன்னு எனக்கு ஞாபகம் வரும்." காட்சி, வாக்கியம், காட்சி, வாக்கியம் என்று தூக்கம் வரும்வரை.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். காட்சியை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் சுலோகம் மாதிரி ஒப்பிப்பது ஒன்று. இன்னொன்று, இதை ராத்திரி படுக்கும்போது பண்ணுவது. அப்போது பண்ணினால் கனவு வருவதற்குள் மணிக்கணக்கில் ஆழ்ந்த தூக்கம் குறுக்கே வந்துவிடும். பண்ண வேண்டிய நேரம் விடியற்காலை.

"நாலு மணிக்கு எழுந்து பண்ணச் சொல்றாங்க. அங்கதான் எல்லாம் சொதப்புது"

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். ஐந்து மணி நேரம் போலத் தூங்கிவிட்டு எழுந்து, சிறிது நேரம் முழித்திருந்து, மைல்டு பண்ணிக்கொண்டே திரும்பத் தூங்குவது. வேக் பேக் டு பெட் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, இந்த விடிகாலை எழுச்சி, மைல்டு மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களின் முயற்சிகளில் சுமார் 17 சதவீதம் பலித்தது. அதே ஆய்வில், மைல்டு முடித்து ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கிப்போனவர்களுக்கு அது 46 சதவீதத்தைத் தொட்டது. ஆக, சீக்கிரம் திரும்பத் தூங்குவதும் இந்த வித்தையில் ஒரு பங்கு.

நம்ம ஏரியாவில் இதற்கு ஒரு வசதி உண்டு, யாரும் கவனிப்பதில்லை. விடிகாலை தண்ணி வரும் தெருக்களில் பெண்கள் நாலு மணிக்கு எழுந்து, அடிபம்பில் குடத்தை நிரப்பி உள்ளே வைத்துவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் தலை சாய்க்கிறார்கள். நேரம் அச்சு அசல் அதேதான். "அந்த அரைத் தூக்கத்துலதான் கனவு அப்படியே சினிமா மாதிரி வரும்" என்று அக்காமார்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்குத் தேவை அந்த வாக்கியமும் காட்சியும் மட்டும்தான். தண்ணி பிடிக்கிற முறை உங்களுக்கு என்றால் அன்றைக்கு அலாரமே வேண்டாம். ஒன்று மட்டும்: பம்பு அடித்ததில் உடம்பு சூடாகி நெஞ்சு படபடவென்று இருக்கும்போதே படுக்காதீர்கள். கை கால் கழுவி, பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

தண்ணி பிரச்சினை இல்லாத வீடுகளுக்கும் எழுப்பிவிட ஆள் உண்டு. காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பும் ஆட்டோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, பள்ளிவாசல் பாங்கு, மார்கழியில் கோயில் ஸ்பீக்கர், ஆவின் பால் வண்டி. இத்தனை நாள் இவற்றைத் திட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தீர்கள். இனிமேல் அதுவே உங்கள் அலாரம். சத்தம் கேட்டு முழிப்பு வந்ததும், திட்டுவதற்கு முன்னால் "என்ன கனவு ஓடுச்சு?" என்று கேளுங்கள்.

இனிச் சொதப்பல்கள்.

*அலாரம் அடித்தது தெரியவே இல்லை, அல்லது அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.* போனை எழுந்து நடந்தால்தான் எட்டும் இடத்தில் வையுங்கள். வீட்டில் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள் என்றால் வைப்ரேஷனில் போட்டுத் தலையணை உறைக்குள் செருகுங்கள். படுக்கும்முன் ஒரு சொம்புத் தண்ணி குடிப்பது அதைவிட நல்ல அலாரம். யாரையும் எழுப்பாது, ஸ்நூஸும் கிடையாது.

*எழுந்தேன், படுத்தேன், உடனே தூங்கிட்டேன், ஒண்ணும் நடக்கல.* நீங்கள் பாக்கியசாலி, ஆனால் மூளை முழுசாக முழிக்கவில்லை. படுக்கையை விட்டு எழுந்து, முகம் கழுவி, அரைமணி நேரம் வரைக்கும் முழித்திருங்கள். நோட்டில் பழைய கனவுகளைப் படிக்கலாம். மொட்டை மாடி இருந்தால் ஒரு நடை.

*திரும்பத் தூக்கமே வரல, காலையில வேலையில தூங்கி வழியறேன்.* முழித்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உங்களுக்கு ஐந்து நிமிஷமே அதிகமாக இருக்கலாம். எழுந்திருக்காமல், படுத்தபடியே மைல்டு பண்ணுங்கள். போன் வெளிச்சம் கூடாது. "வந்தே ஆகணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வாசலோடு போய்விடும். அரைமணி நேரம் ஆகியும் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இதைத் தினமும் பண்ணக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், மறுநாள் லீவு இருக்கும் ராத்திரியில். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுக்கு எழுந்து, வீட்டு வேலை ஏதாவது பார்த்துவிட்டு, ஏழு ஏழரைக்கு மறுபடி ஒரு தூக்கம் போடுவது பலருக்கு ராத்திரி முயற்சியைவிட நன்றாக வேலை செய்கிறது. கறி வாங்க அனுப்பாமல் இருக்கணும், அவ்வளவுதான்.

"அப்படியே அசையாம கிடக்கச் சொன்னாங்க. அமுக்குவான் வந்துட்டான்"

முழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் நுழையப் பார்க்கும் வைல்டு முறையை முதல் தடவையிலேயே எடுத்தவர்களின் புகார் இது. உடம்பு கல்லாகிவிட்டது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கதவோரம் நிழல். நம் வீடுகளில் இதற்குத் தலைமாட்டில் இரும்பும் பாய்க்கடியில் துடைப்பமும் வைப்பார்கள். வைத்தால் மனசுக்குத் தைரியம் என்றால் வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடப்பது இதுதான். ரெம் கட்டத்தில் கனவில் ஓடுவதை உடம்பு நிஜமாகவே செய்துவிடாமல் இருக்க, மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்னால் நீங்கள் முழித்துக்கொண்டால் அமுக்குவான். கட்டில் சேராத இரண்டு: கண், மூச்சு விடும் உதரவிதானம். அதனால் மூச்சு நிற்காது, நிற்பதுபோல் தோன்றும். கண் அசையும் என்பதை வைத்துத்தான் இந்த விஷயம் முழுக்க நிரூபணமே ஆனது. 1975 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளரிடம் ஆலன் வோர்ஸ்லி கனவுக்குள் இருந்தபடி, முன்பே பேசிவைத்த மாதிரி, கண்ணை இடம் வலமாக ஆட்டிக் காட்டினார். 2021-ல் நான்கு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தூங்குகிறவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். கண்ணை இரண்டு தடவை ஆட்டி விடை சொன்னார்.

வந்துவிட்டால் திமிறாதீர்கள், திமிறினால் பயம்தான் கூடும். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், கண்ணை இடம் வலம் உருட்டுங்கள், கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். விநாடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிஷத்தில் விட்டுவிடும். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்கள். தூக்கம் கெட்ட வாரத்திலும் அதிகம் வரும். பழகியவர்கள் அமுக்குவானையே கனவுக்குள் போகும் வாசலாக்கிக்கொள்வது உண்டு. முதல் லூசிட் ட்ரீமே வராதவர்களுக்கு அந்த வாசல் எதற்கு? மைல்டு போதும்.

"கனவுன்னு தெரிஞ்சுது. அடுத்த செகண்டே முழிச்சிட்டேன்"

வாழ்த்துகள், வந்துவிட்டது. அதை முதல் தடவையாக நோட்டில் கட்டம் போட்டு எழுதிவையுங்கள். சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டு முழித்துவிடுவது புதுசாக வருகிறவர்கள் எல்லோருக்கும் நடக்கும்.

அடுத்த தடவை, தெரிந்த உடனே எதையும் சாதிக்கக் கிளம்பாதீர்கள். ராயபுரம் பாலத்திலிருந்து குதித்துப் பறக்கலாம் என்று ஓடினால் பாதி வழியில் பாய் தட்டுப்படும். நில்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் தேயுங்கள், சூடு தெரிகிறதா பாருங்கள். சுவரைத் தடவுங்கள், சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறதா? தரையில் உட்கார்ந்து மண்ணைத் தொடுங்கள். காட்சி மங்க ஆரம்பித்தால், நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றுங்கள். கை தேய்ப்பது, சுற்றுவது இரண்டுமே லாபெர்ஜ் சோதித்துப் பார்த்துப் பலன் கண்டவை. நடுநடுவே "இது கனவு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கனவு உங்களை மறுபடி கதைக்குள் இழுத்துக்கொள்ளும். உறுத்துப் பார்ப்பதைத் தவிர்க்கவும்; ஒரே பொருளை வெறித்துப் பார்த்தால் பலருக்குக் கலைந்துவிடுகிறது.

கலைந்தே விட்டதா? அசையாமல், கண் திறக்காமல், விட்ட இடத்தை நினைத்துக்கொண்டு கிடங்கள். ரெம் கட்டம் இன்னும் மிச்சம் இருந்தால் திரும்ப உள்ளே போய்விடலாம்.

அப்புறம், முழித்துவிட்டோம் என்று நினைத்து, பல் துலக்கி, டீ போட்டு, பஸ் ஏறுகிற வரைக்கும் கனவாகவே ஓடுவதும் உண்டு. ஒவ்வொரு தடவை முழிப்பு வந்ததும் மூக்கைப் பிடித்துப் பார்த்தால் இதில் ஏமாற மாட்டீர்கள்.

"நான் பார்த்தது லூசிட் ட்ரீம்தானா?"

கட்டுப்படுத்தினீர்களா என்பது கேள்வி இல்லை. அந்த நேரத்தில் கனவு என்று தெரிந்ததா? தெரிந்தது என்றால் ஆமாம். தெரியாமலே பறந்தீர்கள் என்றால் நல்ல கனவு, அவ்வளவே. "இது கனவு" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் தொலைந்த பர்ஸுக்காக அழுதீர்கள் என்றால் பாதிக் கிணறு. கிட்டே வந்துவிட்டீர்கள்.

"ஷிப்ட் மாறி மாறி வருது, என்ன பண்றது?"

மணலி, எண்ணூர் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் கேட்பது. நைட் ஷிப்ட் வாரத்தில் மேலே சொன்ன ஐந்து மணி நேரக் கணக்கு பொருந்தாது. உடம்பின் கடிகாரம் ரெம் தூக்கத்தை விடியற்காலையை ஒட்டிய நேரத்தில்தான் தாராளமாகக் கொடுக்கும். காலை எட்டுக்கு வந்து படுத்தால் கனவு தூக்கத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். உச்சி வெயிலுக்குள் அது தேய்ந்தும் போகும். அதனால் அலாரத்தை இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வையுங்கள். ஜன்னலுக்குக் கெட்டியான போர்வை, ஃபேன் முழு வேகம். ஷிப்ட் மாறுகிற முதல் இரண்டு நாள் முயற்சியே வேண்டாம், தூங்குங்கள்.

"மாத்திரை இருக்காமே, மாஸ்க் இருக்காமே"

ஆன்லைனில் சுற்றும் கேலன்டமைன் என்பது அல்சைமர் நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் மருந்து. ஆய்வில் லூசிட் ட்ரீமைக் கூட்டியது உண்மை. குமட்டலும் பக்கவிளைவுகளும் உண்மை. இதற்காக வாங்கிப் போடும் பொருள் இல்லை. கனவுக்காகச் சிலர் எடுக்கும் பி6 வைட்டமினை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பு பாதிக்கலாம். கண்ணில் வெளிச்சம் அடிக்கும் மாஸ்க் பொய் இல்லை, ஆய்வகங்களிலும் வெளிச்சமும் ஒலியும் சைகையாகப் பயன்படுகின்றன. ஆனால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கொசுவலை வாங்கினால் குடும்பமே தூங்கும்.

எப்போது நிறுத்துவது

எது கனவு, எது நிஜம் என்று பகலிலேயே குழப்பம் வந்தால், இல்லாத குரல் கேட்டால், சொந்த உடம்பிலிருந்தே விலகி நிற்பதுபோல் இருந்தால் உடனே நிறுத்துங்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசுவதென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அமுக்குவான் அடிக்கடி வந்து, கூடவே பகலில் கட்டுக்கடங்காத தூக்கமும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"எல்லாத்தையும் பண்ணிட்டேன். ஒண்ணும் வரல"

"எல்லாத்தையும்" என்பதுதான் பெரும்பாலும் கோளாறே. திங்கட்கிழமை வைல்டு, செவ்வாய்க்கிழமை ஒரு ஆப், புதன்கிழமை யாரோ சொன்ன புது முறை என்று தாவினால் எதுவும் வேர்பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு எல்லாவற்றையும் விடுங்கள். நோட்டு மட்டும் இருக்கட்டும். நான் பார்த்தவரை, சிலருக்கு இந்தச் சும்மா இருக்கும் வாரங்களில்தான் முதலாவது வருகிறது. மற்றவர்கள் மூன்றாவது வாரம் மைல்டு, விடிகாலை எழுச்சி இரண்டோடு மட்டும் தொடங்குங்கள்.

நோட்டில் கனவுக்கு மேலே நான்கு விஷயம் குறியுங்கள்: படுத்த நேரம், இடையில் எழுந்த நேரம், எவ்வளவு நேரம் முழித்திருந்தீர்கள், திரும்பத் தூக்கம் வர எவ்வளவு ஆச்சு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கனவு நன்றாக வந்த நாட்கள் எங்கே குவிகின்றன என்று தெரியும். ஒருவருக்கு அது மூன்றரை மணி, இன்னொருவருக்கு ஐந்து. அலாரத்தை அங்கே நகர்த்துங்கள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேரத்தையும் முறையையும் ஒரே ராத்திரியில் மாற்றினால், வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.